கொல்லைப்புறத்துக்கு ஒரு திண்ணை

தஞ்சைப் பிரதேசத்துப் பழைய தெருக்களில் ஒரு வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து கடந்தவர்களுக்கு, அதைக் கட்டியவர்களின் சிரத்தை எங்கே தொடங்கி எங்கே தேய்ந்து போயிற்று என்பது எளிதில் புலப்பட்டுவிடும். மரத்தூண்கள் தாங்கிய திண்ணை, அதற்குப் பின் ரேழி, வானத்தைப் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றிய கூடம், அப்புறம் சமையற்கட்டு, இரண்டாங்கட்டு என்று போகப்போகக் கைவேலையும் செலவும் குறைந்துகொண்டே வந்து, கிணற்றடியைத் தாண்டியதும் கட்டியவரின் கவனம் அறவே நின்றுவிட்டிருக்கும். முன்பின் அறியாத வழிப்போக்கன் இரவில் வந்தால் படுத்துறங்க இடம் வைத்துக் கட்டிய அதே உதார குணமுடைய கிருகஸ்தர், விடியலில் சாணி தெளிப்பதிலிருந்து விளக்கேற்றும் நேரம் வரை தண்ணீர் இறைத்தும், பாத்திரம் துலக்கியும், துணி தோய்த்தும், நெல் புழுக்கியும் கொல்லையிலேயே பகலைக் கழித்த தம் வீட்டு ஸ்திரீகளுக்கு உட்கார ஓரடி இடம் கட்டவில்லை. அவர்கள் தோய்க்கிற கல்லின் மேலும், கொல்லை நடைப் படியிலும், தரையில் போட்ட மணைப்பலகையிலும் உட்கார்ந்தார்கள். உலகத்தின் செய்திகள் வாசல் திண்ணைக்கு வந்து சேர்ந்தன என்றால், குடும்பத்தின் செய்திகளும் துக்கங்களும் இந்தப் படியில்தான் அவிழ்ந்தன; இரண்டு வீட்டுக் கொல்லைகளுக்கு இடையிலிருந்த வேலிக்கு மேலே கறிவேப்பிலையோடு சேர்ந்து எத்தனையோ ஆறுதல்களும் கைமாறின. ஆகவே இன்று ஒருவர் தம் வீட்டின் பின்புறத்தைச் செம்மை செய்ய விரும்பினால், அங்கே உட்கார ஓர் இடம் கட்டுவதே பிரதான காரியம் என்றும், மற்றவை யாவும் அந்த இடத்தை உட்காரத் தக்கதாக்கும் ஏற்பாடுகளே என்றும் நான் கருதுகிறேன்.

கொல்லையின்பால் இருந்த அலட்சியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாதாள சாக்கடையும் செப்டிக் டாங்கும் வருவதற்கு முன், நகரத்து வீடுகளின் எடுப்புக் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. பிறப்பினால் அந்த வேலைக்கு நிர்ப்பந்திக்கப்பட்ட மனிதர்கள், முன்வாசலை மிதிக்கலாகாதென்ற விதியினால் பின்புறச் சந்து வழியே வந்து, மற்றவர்களின் அழுக்கைத் தலையில் சுமந்து சென்றார்கள். வீட்டின் பின்புறத்தைப் பார்க்கக் கூசிய மனம், உண்மையில் தான் இழைத்துவந்த அந்த அநீதியைப் பார்க்கக் கூசியது என்றே சொல்ல வேண்டும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவிப்பதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் தடை செய்து மத்திய அரசு 1993இல் சட்டம் இயற்றியது. 2013இல் வந்த சட்டம் செப்டிக் டாங்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் தக்க காப்பின்றி மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கியது. சட்டங்கள் வந்த பின்னும் விஷவாயு தாக்கி மாண்டவர்களின் செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொல்லையைத் திருத்தி அமைக்கப் புறப்படுகிறவர் முதலில் தம் வீட்டுத் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிக்கட்டும். அதன் மேல் தளம் பாவி மறைக்காமல், பூந்தொட்டிகளை அடுக்காமல், கழிவுநீர் லாரியின் குழாய் தெருவிலிருந்து தடையின்றி அங்கே வந்து சேர வழி விட்டு வைப்பது, எந்தக் காலத்திலும் எந்த மனிதனும் அதற்குள் இறங்க நேராதபடி செய்யும் முன்னேற்பாடாகும். அழகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கலாம். ஒரு மனிதனின் உயிரை அபாயத்தில் வைத்துவிட்டு அதன்மேல் ரோஜாத் தொட்டி வைத்துப் பார்க்கும் அழகு எனக்கு அழகாகத் தோன்றவில்லை.

இதற்கு அடுத்தபடி செய்ய வேண்டியது, எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதை அப்புறப்படுத்துவது. பெரும்பாலான கொல்லைகள் இன்று, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல் எறியவும் மனமில்லாமல் தள்ளப்பட்ட பொருள்களின் கிடங்காக இருக்கின்றன: கால் உடைந்த நாற்காலி, விரிசல் கண்ட பிளாஸ்டிக் குடம், பழைய டயர், வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லி, கூரைக்கு உதவாத தகரம். இவை கண்ணுக்கு விகாரம் என்பதைவிட உடம்புக்குத் தீங்கு என்பதே முக்கியம். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. கொட்டாங்கச்சியிலும் டயரின் மடிப்பிலும் தேங்கிய தெளிந்த மழைநீரில் முட்டையிட்டு, ஒரு வாரத்தைச் சற்றுக் கடந்த அவகாசத்தில் சிறகு முளைத்துப் பறந்துவிடுகிறது. அழுக்குநீரை நாடும் கொசு வேறு ஜாதி. யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதை பாட்ரிக் மான்சன் என்ற வைத்தியர் சீனத்துத் துறைமுகப்பட்டினம் ஒன்றில் 1877இல் கண்டறிந்தார். நம் நாட்டில் அந்த நோயைச் சுமந்து திரிவது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடையில் பிறக்கும் கொசுவே. கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வீங்கிய காலோடு நடந்தவர்களைக் காணாத தெரு இல்லை எனலாம். கிணற்றடித் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் கொல்லைதோறும் குட்டையாக நின்றதை நினைத்தால் அதன் காரணம் விளங்கும்.

தண்ணீருக்கு வழி செய்வதில் நம் முன்னோர் கையாண்ட முறை ஒன்று இன்றும் பழுதில்லாதது. தோய்க்கிற கல்லையும் குளிக்கும் இடத்தையும் கடந்து ஓடும் நீரை, சற்றுச் சரிவான ஒரு வாய்க்கால் வழியே வாழைக்கன்றுகளின் அடிக்குப் பாய்ச்சினார்கள்; வாழைக்கு எட்டாத ஓரத்தில் கல்வாழையையும் சேம்பையும் விட்டார்கள். ஓயாத ஈரத்தை விரும்பிக் குடிக்கும் செடிகள் இவை. ஆனால் அந்நாளில் நீரோடு கலந்து வந்தது சீயக்காயும் அரப்பும் சாம்பலும். இன்று வருவது சலவைத்தூளின் உப்பு. கல்வாழை அதை ஓரளவு தாங்கும், வாழை ஓடும் நீராயின் தாங்கும், கீரைப் பாத்தியோ தாங்காது. ஆகையால் துணி அலசும் நீரின் முதல் அழுக்கைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது மூன்றாவது அலசலை மட்டும் தோட்டத்துக்குத் திருப்புவது நல்லது. பாத்திரம் துலக்கும் நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் இருப்பதால், கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு குழியில் இறங்கி வடிந்து போகும்படி செய்துவிட்டால் நாற்றம் இராது. அந்த மணலின் மேற்பரப்பை அவ்வப்போது வாரி எடுத்துப் புதுமணல் போட வேண்டும்; இந்தப் பராமரிப்பை மறந்த வீடுகளில்தான் "வாழையால் கொசு வருகிறது" என்று சொல்லி வாழையை வெட்டுகிறார்கள். குலை தள்ளிய தாய்மரத்தை வெட்டியதும் பக்கத்தில் நிற்கும் கன்றுகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் நிறுத்தி மற்றவற்றைத் தோண்டி எடுத்துவிட்டால், ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக இலையும் பூவும் தண்டும் காயும் கிடைத்துக்கொண்டிருக்கும்.

மழைநீரின் விஷயம் இன்னும் எளிது. ஆனாலும் மிகுந்த புறக்கணிப்புக்கு ஆளானது. தமிழ்நாட்டில் 2003இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் கட்டடம் ஒவ்வொன்றிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது அவசரமாகப் பதித்த குழாய்களில் பல இன்று எங்கே போய் முடிகின்றன என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் இறங்குகிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவர், ஐப்பசி அடைமழையில் தம் வீட்டிலிருந்து எவ்வளவு ஜலம் வீணே தெருவுக்கு ஓடுகிறது என்பதை எண்ணி வருந்தாமல் இருக்க முடியாது. பழைய உறைகிணறு இருக்கும் வீடு பாக்கியமுள்ள வீடு. ஆழ்துளைக் கிணறு போட்ட நாளிலிருந்து அதைக் குப்பைக் குழியாக்கியிருந்தால், தூர் வாரி, மேலே கம்பிவலை போட்டு, மாடியின் நீரை ஜல்லியும் மணலும் கொண்ட தொட்டியில் வடிகட்டி அதில் இறக்கலாம். நீர் எப்போது மேலே வரும் என்பது மண்ணைப் பொறுத்தது; ஆயினும் வற்றிய கிணறு ஒன்றுக்கு மழைக்காலத்தில் உயிர் திரும்புவதைக் கண்ட குடும்பம் பிறகு அந்தக் கொல்லையை ஒருபோதும் குப்பைமேடாக்காது.

இனி நிழல். கொல்லையைப் பற்றி யோசிக்கிறவர்கள் மரம் எது என்று கேட்பதற்கு முன், தம் கொல்லை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வீடு மேற்கு பார்த்திருந்தால் கொல்லை கிழக்கே விழும். சித்திரை வைகாசியில் மாலை நாலு மணிக்கு வீட்டின் நிழல் அதன் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீண்டு பின்புறம் முழுவதையும் மூடிவிடுவதால், அங்கே ஒரு காசு செலவில்லாமலேயே சாயங்காலம் குளிர்ந்திருக்கும். வீடு கிழக்கு பார்த்திருந்தாலோ பிற்பகல் வெயில் முழுதும் கொல்லைச் சுவரில் அறைந்து இரவு வரை அனலை வீசும். இத்தகைய கொல்லையில்தான் மேற்கு எல்லையோரம் மரம் கட்டாயமாகிறது. கிழமேலாக ஓடும் தெருவில் வடக்கிலும் தெற்கிலும் கொல்லை அமைந்த வீடுகளில் நிலைமை நுட்பமானது. கும்பகோணத்தின் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோடை மாதங்களில் அவன் உச்சிவேளையிலும் வடக்கே சாய்ந்திருக்கிறான் என்பதைப் பலர் கவனித்ததில்லை. ஆகவே வடக்குக் கொல்லை கோடையில் நாள் முழுவதும் வெயில் காய்கிறது. மார்கழியிலோ 12 அடி உயரமுள்ள வீடு உச்சிவேளையில் 8 அடிக்கு மேல் வடக்கே நிழல் வீசுகிறது. அங்கே சுவரை ஒட்டிக் கீரை விதைத்தால் தை மாதம் வரை வெளிறி நிற்கும். கீரைப் பாத்தி அந்த நிழலைத் தாண்டி இருக்க வேண்டும். தெற்குக் கொல்லையில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே குளிர்கால வெயில் தாராளம். ஒரு வருஷம் முழுவதும் மாதம் ஒருமுறை நிழல் விழும் எல்லையைக் கரித்துண்டால் தரையில் கோடிட்டு வந்தால், எந்த நிபுணரின் ஆலோசனையும் தேவைப்படாத ஞானம் கைகூடும்.

மரம் வளர்ந்து நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும். பந்தல் இரண்டு மாதத்தில் தரும். நாலு சவுக்குக் கழிகளை நட்டு மேலே கயிறு பின்னி, தை மாசியில் பாகலோ பீர்க்கோ புடலோ விதைத்துவிட்டால், பங்குனி சித்திரையில் வெயில் உக்கிரமாகும்போது கொடி பந்தலை மூடிவிடும். ஆடியில் போடும் அவரை பகற்பொழுது சுருங்கத் தொடங்கிய பின் பூத்து, மார்கழி தையில் காய்க்கிற பயிர். காய்க்கு அது உயர்ந்தது, கோடை நிழலுக்குப் பயன்படாது. இரண்டையும் முறை வைத்துப் போடுகிறவர்களின் பந்தல் வெறிச்சோடியிருக்கும் நாட்கள் சொற்பமே. புடலைப் பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக வளர்க்கும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால், அவர்கள் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான் ஓடுவார்கள்.

மரங்களில் ஆசைக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. தென்னைக்கும் தென்னைக்கும் 25 அடி இடைவெளி வேண்டுமென்பது வேளாண்மைச் சாஸ்திரம். முப்பதடிக் கொல்லையில் மூன்று தென்னையை நெருக்கி வைப்பது மூன்றையும் பட்டினி போடுவதாகும். ஆலும் அரசும் சுவரிடுக்கில் தாமாக முளைத்தால் இளமையிலேயே அகற்றிவிட வேண்டும். அவை கோயில் வெளியிலும் குளக்கரையிலும் நிற்கப் பிறந்த விருட்சங்கள். முருங்கை தயாள குணம் படைத்த மரம், ஒரு போத்தை நட்டால் போதும். எனினும் மழைக்காலத்தில் அதன் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டங்கூட்டமாக அடைவதாலும், கிளை சட்டென்று முறிவதாலும், உட்காரும் இடத்துக்கு எட்டாத கோடியே அதற்குத் தகும். சிறிய கொல்லைக்கு எலுமிச்சை, கொய்யா, மாதுளை, கறிவேப்பிலை ஆகியவை அடக்கமான தோழர்கள். பவழமல்லி ஒன்று இருந்தால் விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறக்கிறவருக்கு அந்த நாளின் முதல் தரிசனம் கிட்டும். செம்பருத்தி இருந்தால் தேன்சிட்டு வரும். அகன்ற இலையுள்ள செடி இருந்தால் தையற்சிட்டு இலையின் ஓரங்களைத் தைத்துக் கூடு கட்டுவதைச் சமையற்கட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அகராதிகளும் ஆராய்ச்சி நூல்களும் கற்பிக்க முடியாத பொறுமையை அந்தச் சிறு பறவை கற்பிக்கிறது.

தரையைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். கொல்லை முழுவதற்கும் சிமெண்ட் பூசுவது பெருக்கச் சௌகரியம் என்கிறார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும் அந்தத் தளத்தின் மேல் யாரும் உட்காரப் போவதில்லை என்பதால், பெருக்குவதற்கும் அவசியம் இராமல் போகிறது. நடமாடும் பாதைக்கு மட்டும் கருங்கற் பலகைகளை விரல்கடை இடைவெளி விட்டுப் பரப்பி, இடுக்கில் அருகம்புல் விட்டுவிட்டு, மற்ற இடத்தை மண்ணாகவே இருக்கவிடலாம். வீடு கட்டிய இடத்து மண்ணில் காரையும் சுண்ணாம்பும் கலந்திருந்தால் ஓரடி தோண்டி எடுத்துவிட்டு, தொழு உரமும் இலைமக்கும் கலந்து நிரப்ப வேண்டும். இலைமக்குச் செய்வதற்கு, வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் நம் விவசாயிகளின் வழக்கங்களையும் கவனித்து வகுத்து, 1931இல் நூலாகவும் வெளியிட்ட முறையே போதும்: சருகையும் காய்கறிக் கழிவையும் சாணத்தையும் மண்ணையும் சாம்பலையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் காத்து, இடையே புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் நல்ல உரமாகும். சருகைக் கொளுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். சுற்றுச்சுவர் எழுப்புகிறவர்கள், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களின் படங்களையாவது ஒருமுறை பார்க்கட்டும். செங்கற்களுக்கிடையே துவாரம் விட்டு அடுக்கிய அந்தச் சுவர்கள் மறைவையும் காப்பாற்றுகின்றன, காற்றையும் உள்ளே விடுகின்றன. செங்கல்லும் மிச்சம்.

இத்தனைக்கும் பிறகு திண்ணை. அதன் உயரம் ஒன்றரை அடி; காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவருக்கும், முழங்கால் வலியுள்ள முதியவர் கையூன்றி எழுவதற்கும் அதுவே இசைந்த அளவு. அகலம் இரண்டடிக்குக் குறையக் கூடாது. சம்மணமிட்டு உட்கார்ந்து கீரை ஆய முடிய வேண்டும், முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இடம் வேண்டும், உடம்புக்கு ஆகாத ஒரு பிற்பகலில் கட்டையைச் சாய்க்கவும் இயல வேண்டும். நீளம் குறைந்தது இருவர் உட்காரும் அளவு, ஏனெனில் ஒருவர் மட்டும் உட்காரும் இடத்தில் பேச்சு நிகழாது. மேற்பரப்பில் சிவப்புக் காவி இழைத்தால் குளிர்ச்சியும் உண்டு, ஆண்டுகள் செல்லச் செல்லக் கைபட்டுக் கால்பட்டு மெருகும் ஏறும். கடப்பைக் கல் நிழலில் இதம், வெயில் படும் இடத்தில் தீ. முதுகு சாய ஒரு சுவரோ தூணோ இருப்பது அவசியம். வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டினால் மேலே இரண்டரை அடி தாழ்வாரம் இறக்கி மழைத்தூறலில் நனையாதபடி செய்யலாம். அப்படிச் செய்த திண்ணைக்கு ஐப்பசி கார்த்திகையிலும் விடுமுறை இல்லை. அதற்கருகே, முழங்கால் உயரத்தில், மஞ்சள் ஒளி தரும் விளக்கு ஒன்று போதும். கொல்லையைப் பகலாக்கும் பெரிய விளக்கு பூச்சிகளையும் அழைக்கும், அண்டை வீட்டார் தூக்கத்தையும் கெடுக்கும்.

அங்கே செய்வதற்கு வேலை ஒன்று இருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலையில்லாத கொல்லைக்கு மனிதர் போவதில்லை. ஊஞ்சலும் செயற்கைப் புல்லும் வாங்கிப் போட்ட பின்புறங்கள் சில மாதங்களில் தூசி படிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். தண்ணீர் விட வேண்டிய ஒரு துளசி, பறிக்க வேண்டிய கீரை, உலர்த்த வேண்டிய வடகம், உணவு வைக்க வேண்டிய காக்கை: இவற்றில் ஏதோ ஒன்று கையைப் பிடித்து அழைக்கும்போதுதான், போன இடத்தில் சற்று உட்காருவதும் நேர்கிறது. அந்த வேலைகளை முன்போல ஒரு பாலார் தலையிலேயே சுமத்திவிட்டுத் திண்ணை மட்டும் கட்டிக் கொடுப்பது பரிகாரமாகாது. வாளியைத் தூக்குகிற கை யாருடையது என்ற கேள்வியும் கூடவே மாறினால்தான், அங்கே உட்காருகிற பாக்கியம் எல்லாருக்கும் பொதுவாகும்.

நகரத்து மனையில் பின்புறம் மூன்றடிச் சந்தாகக் குறுகிவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அந்தச் சந்திலும் சுவரில் பதித்த ஒரு பலகைக் கல், பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை, மேலே ஒரு சங்குப்பூக் கொடி, தண்ணீர் தேங்காத தரை ஆகியவற்றுக்கு இடமுண்டு. புதிதாக வீடு கட்டுகிறவர்களிடமோ எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. வரைபடம் போடும் நாளில், முகப்பின் தூணைப் பற்றியும் வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றியும் பேசி முடிப்பதற்கு முன், அந்த வீட்டில் அதிக நேரத்தைக் கழிக்கப் போகிற ஸ்திரீயையும் முதியவரையும் அழைத்து, மனையின் பின்புறத்தில் மாலைவேளையில் நிற்க வைத்து, உட்காரும் இடம் எங்கே வேண்டும் என்று கேளுங்கள்; அவர்கள் காட்டிய இடத்தைப் பொறியாளர் காகிதத்தில் முதற்கோடாக வரைந்துகொள்ளட்டும். செப்டிக் டாங்கும் மோட்டார் அறையும் குழாய்களும் அதற்கு விலகி நிற்க அப்போது தாராளமாக இடம் இருக்கும். கட்டி முடித்த பிறகு கேட்டால், அவை விட்டுவைத்த மூலையில்தான் திண்ணை கட்டியாக வேண்டும்.